திறந்து காட்டிய மணிக்கூடு



புல்மோட்டைக் கடைத்தெருவிலே மணிக்கூடு திருத்தும் முதியவர் ஒருவரிடம் என் தந்தையாரின் பழைய கைமணிக்கூட்டைக் கொண்டு சென்றிருந்தேன். நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டிய வகை அது. முதுகு மூடியைத் திறந்தவர், உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணிலே செருகிக்கொண்டு சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "சேர், நீங்களும் ஒருக்காப் பாருங்க" என்று கண்ணாடியை என்னிடம் நீட்டினார்.

பார்த்தேன். மயிரிழை போன்ற சுருள்வில் ஒன்று விரிந்து சுருங்க, அதனோடு சிறு சக்கரமொன்று இப்படியும் அப்படியுமாக ஆடிக்கொண்டிருந்தது. அதன் அச்சு முனைகள் சிவந்த கற்களிலே அமர்ந்திருந்தன. கடற்கரையின் கருமணலில் ஒரு துகள் உள்ளே புகுந்தாலும் போதும், இந்த ஆட்டம் நின்றுவிடும் என்றார் அவர். "முந்தி நாங்க ஆருக்கும் தொறந்து காட்ட மாட்டம். தொழில் போயிரும் எண்டு பயம். இப்ப காட்ட நான் ரெடி, பழக வாறதுக்குத்தான் ஆளில்ல" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு, 1765ஆம் ஆண்டு இலண்டன் மாநகரிலே திறக்கப்பட்ட வேறொரு மணிக்கூட்டை எனக்கு நினைவூட்டிற்று.

அக்காலத்தில் நடுக்கடலிலே செல்லும் மாலுமிக்குத் தான் கிழக்கு மேற்காக எவ்விடத்தில் நிற்கிறான் என்று திட்டமாகச் சொல்ல வழியில்லை. 1707இல் பிரித்தானியப் போர்க்கப்பல்கள் நான்கு சில்லித் தீவுகளின் பாறைகளில் மோதி அழிந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1714இல், நெடுங்கோட்டைக் கணிக்கும் வழி காண்பவருக்கு 20,000 பவுண் வரை பரிசளிப்பதாகப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது.

வழி எளியதுதான். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. புல்மோட்டை ஏறத்தாழ 81 பாகை கிழக்கில் உள்ளது. இங்கே சூரியன் உச்சிக்கு வரும்போது கிரீனிச் நேரம் காலை 6 மணி 36 நிமிட அளவில் இருக்கும். ஆகவே கிரீனிச் நேரத்தைத் தவறாமற் காட்டும் மணிக்கூடு கையிலிருந்தால், உச்சிப்பொழுதைக் கொண்டே இடத்தை அறிந்துவிடலாம். ஆனால் நான்கு நிமிடப் பிழை ஒரு பாகைப் பிழையாகிவிடும். பூமத்திய ரேகையருகே அது 111 கிலோமீற்றர்! அலையிலும் வெப்பத்திலும் பிழையாது ஓடும் மணிக்கூடு அன்று எவரிடமும் இருக்கவில்லை.

அதனைச் செய்தவர் ஜோன் ஹரிசன். 1693இல் யோர்க்‌ஷயரில் பிறந்த தச்சன் மகன். மூன்று பெரும் கடிகாரங்களைச் செய்து பார்த்தபின், 1759இல் ஏறத்தாழ 13 சதமமீற்றர் விட்டமுள்ள மணிக்கூடொன்றை முடித்தார். 1761இல் புறப்பட்ட ஜமேக்காப் பயணத்தில், 81 நாட்களுக்குப் பின் அதன் பிழை சுமார் 5 செக்கன்களே என்று கணிக்கப்பட்டது. பரிசுக்குப் பொறுப்பான சபையோ நிறைவடையவில்லை. 1764இல் பார்படோஸுக்கு மீண்டும் ஒரு சோதனைப் பயணம் நடந்தது. அதிலும் மணிக்கூடு வென்றது. அப்போது புதிய நிபந்தனை வந்தது: மணிக்கூட்டைக் கழற்றி, உறுப்புறுப்பாக விளக்கிக் காட்டினாலே பரிசில் பாதி, அதுபோலப் பிறரும் செய்ய முடிந்தாலே மறுபாதி.

ஹரிசன் கொதித்தார். மறுத்தும் பார்த்தார். ஈற்றில் 1765 ஆகஸ்டிலே, தம் 72ஆம் வயதில், சபையார் அனுப்பிய அறிஞரும் வினைஞரும் சூழ்ந்திருக்கத் தம் வீட்டிலேயே அதனைத் திறந்தார். சந்திரனின் இயக்கத்தைக் கொண்டு நெடுங்கோடு காணும் முறையை ஆதரித்த வானியலாளர் நெவில் மஸ்கெலினும் அக்கூட்டத்தில் இருந்தார் என்றால், அம்முதியவரின் மனநிலையை நாம் ஊகிக்கலாம். பார்த்தவர்களில் ஒருவரான தோமஸ் மட்ஜ், அடுத்த ஆண்டிலேயே அந்நுட்பங்களைப் பிரெஞ்சு வினைஞர் ஒருவருக்குச் சொல்லியும் விட்டார்.

இது அநியாயமல்லவா? நடத்திய முறை அநியாயந்தான். ஆயினும் அதன் விளைவை மறுப்பதற்கில்லை. அன்று பார்த்திருந்த லார்க்கம் கெண்டல் அதே போன்றதொரு மணிக்கூட்டைச் செய்தார். 1772 முதல் 1775 வரை ஜேம்ஸ் குக் அதனைத் தென்கடல்களிலே கொண்டு சென்று, அதன் நம்பகத்தை மெய்ப்பித்தார். ஆர்னோல்ட், ஏர்ன்ஷோ போன்றோர் வேறு எளிய அமைப்புகளைக் கண்டனர், விலை இறங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கடற்காலமானி கப்பல்களின் வழமையான கருவியாயிற்று. ஹரிசனுக்கு 1773இல் பாராளுமன்றம் மேலும் 8,750 பவுண் வழங்கியது. 1776இல் அவர் காலமானார்.

ஒருவர் மட்டுமே செய்யக்கூடியது அற்புதம். மற்றவரும் செய்யக்கூடியதாகும்போதே அது அறிவாகிறது. தமிழ் கற்பிப்பவனாகிய எனக்கு இது புதியதன்று. வீட்டுப் பரண்களிலே பூட்டிக் கிடந்த ஏடுகள் செல்லுக்கு இரையாயின. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடு தேடி 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். அதனாலேயே இன்று எவர் பிள்ளையும் அதனைப் படிக்க முடிகிறது. கட்டி வைத்திருந்தோர் யாவரும் கொடியவரல்லர். கொடுத்தால் நமக்கென்று என்ன மிஞ்சும் என்ற அச்சமே அவர்களைத் தடுத்திருக்கும். ஹரிசனைத் தடுத்ததும் அதுவே.

ஹரிசனின் மணிக்கூடு இன்று கிரீனிச்சிலே காட்சிக்கு இருக்கிறது. ஓடினால் எண்ணெய் வேண்டும், உறுப்புகள் தேயும் என்பதால் அதனை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அது நின்றாலும் அதன் வித்தை நிற்கவில்லை, திறந்து காட்டப்பட்டதல்லவா?

புல்மோட்டைப் பெரியவர் மணிக்கூட்டைத் துடைத்து, ஒரு துளி எண்ணெயிட்டு மூடித் தந்தார். "அடுத்த முறை வரக்குள்ள படிக்கிற பொடியன் ஒருத்தனக் கூட்டி வாங்க, சேர். சும்மா பாத்திட்டுப் போகட்டும்" என்றார். அழைத்துச் செல்லவே எண்ணியிருக்கிறேன்.