மடகாஸ்கரில் மறைத்துக் காத்த வேதாகமம்

மடகாஸ்கர் தீவில் 1820-இல் அண்டனானரிவோ வந்த லண்டன் மிஷனரி சங்கத்தார், மலகாசி மொழிக்கு ரோமன் எழுத்தில் வரிவடிவம் அமைத்துப் பள்ளிகள் நடத்தினர். 1835-இல் முழு வேதாகமமும் அங்கேயே அச்சாகியது. அதே ஆண்டு மார்ச் 1 அன்று, முன்னோர் வழக்கம் அழிவதாகக் கருதிய அரசி முதலாம் ரணவலோனா தம் குடிமக்கள் கிறிஸ்தவத்தைப் பின்பற்றத் தடை விதித்தார். மறு ஆண்டுக்குள் மிஷனரிகள் அனைவரும் வெளியேறினர். விசுவாசிகளுக்குத் துணையாக எஞ்சியது வேதம் மட்டுமே.

அதை வைத்திருப்பதே குற்றம் என்பதால், பிரதிகளை மண்ணில் புதைத்தும் குகைகளில் ஒளித்தும் காத்தனர். நூல் கிடைக்காதவர்கள் பகுதிகளைக் கையால் எழுதிக்கொண்டனர். கிழிந்த தாள்களைத் தைத்துத் திரும்பத் திரும்ப வாசித்தனர். இரவுக் கூட்டங்களில் எழுத்தறிந்த ஒருவர் தாழ்ந்த குரலில் வாசிக்க, மற்றவர்கள் மனப்பாடம் செய்தனர்.

1837 ஆகஸ்டில் ரசலாமா என்ற பெண், அம்போஹிபோட்சியில் முழந்தாளிட்டு ஜெபிக்கையில் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார். 1849-இல் 14 பேர் அம்பமரினானா பாறையிலிருந்து தள்ளப்பட்டனர்; உயர்குடியினர் நால்வர் ஃபராவோஹித்ராவில் எரிக்கப்பட்டனர். பலர் அபராதம், அடிமைத்தனம், விலங்கு ஆகிய தண்டனைகளை அனுபவித்தனர். ஆயினும் மேய்ப்பர்கள் இல்லாத சபை குறையவில்லை, பெருகியது. வேதத்தின் வாக்குத்தத்தங்களைத் தங்களுக்கே சொல்லப்பட்டவையாக ஏற்ற நம்பிக்கைதான் இதன் வேர்.

1861-இல் முதலாம் ரணவலோனா இறந்ததும் அடுத்து அரசரான இரண்டாம் ரதாமா மதச் சுதந்திரம் அளித்தார். 1869-இல் அரசி இரண்டாம் ரணவலோனா ஞானஸ்நானம் பெற்றார். கொலை நடந்த இடங்களில் கற்களால் நினைவு ஆலயங்கள் எழுந்தன.