உலகத்துக்கு ஒரே பிளக் ஏன் இல்லை?

சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகிறவர்கள் துணிமணி, ஊறுகாயோடு ஒரு அடாப்டரையும் பெட்டியில் வைக்க வேண்டியிருக்கிறது. இரண்டுமே ஒரு காலத்தில் வெள்ளைக்காரன் ஆண்ட ஊர்கள். இரண்டு இடத்திலும் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்தான். அப்புறம் பிளக் மட்டும் ஏன் வேறு? கொஞ்சம் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போமா?

மின்சாரம் வீட்டுக்குள் முதலில் நுழைந்தது விளக்கு எரிக்கத்தான். நியூயார்க்கில் எடிசனின் பேர்ல் தெரு மின்நிலையம் 1882ல் விளக்குகளுக்காகவே தொடங்கப்பட்டது. பின்னால் விசிறியும் இஸ்திரிப் பெட்டியும் வந்தபோது, பல்பைக் கழற்றிவிட்டு அந்த ஹோல்டரிலேயே மாட்டினார்கள். இந்தத் தொல்லையைக் குறைக்க, செருகிப் பிடுங்கும் பிளக்குக்கு 1904ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார் ஹார்வி ஹப்பெல். அதன் ஒரு பாதியை பல்பு ஹோல்டரில் திருகி வைத்துவிடலாம்!

இதே காலத்தில் ஒவ்வொரு நாடும் தன் போக்கில் போனது. அமெரிக்கா 110 வோல்ட்டை ஒட்டியே நின்றது. பெர்லின் 1899ல் 220க்கு மாறியது. வோல்ட் இரட்டித்தால் அதே செப்புக் கம்பியில் அதிக மின்சாரம் அனுப்பலாம் என்ற கணக்கு அது. வெளிநாட்டுக்கு மிக்ஸி தூக்கிக்கொண்டு போவார்கள் என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள்?

இப்போது நம் கதைக்கு வருவோம். நம் வீட்டு உருண்டைப் பின் பிளக், பிரிட்டன் 1934ல் வெளியிட்ட பி.எஸ். 546 தரத்தின் வாரிசு. 5 ஆம்பியருக்கு ஒரு அளவு, 15க்கு வேறு அளவு. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனில் ஏராளமான வீடுகள் குண்டுவீச்சில் அழிந்தன. புது வீடுகளின் மின்னமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று 1942ல் ஒரு குழு யோசிக்க ஆரம்பித்தது. கரோலின் ஹாஸ்லெட் என்ற பெண் பொறியாளரும் அதில் இருந்தார். செப்புக் கம்பி மிச்சமாக வேண்டும், குழந்தைகள் சாக்கெட்டில் விரலையோ கம்பியையோ விடக்கூடாது. இப்படி யோசித்துப் பிறந்ததுதான் பிளக்குக்குள்ளேயே ஃப்யூஸ் உள்ள சதுரப் பின் பிளக். அதன் தரம் வெளியானது 1947ல்.

அதே 1947ல் நமக்குச் சுதந்திரம்! வெள்ளைக்காரன் கைவிட்ட பிளக்கை நாம் வைத்துக்கொண்டோம். சிங்கப்பூரும் மலேசியாவும் அவனுடைய புதிய பிளக்குக்கு மாறிவிட்டன. ஊறுகாயோடு அடாப்டரும் போவதன் ரகசியம் இதுதான்.

சரி, எல்லோரும் சேர்ந்து ஒன்றை முடிவு செய்யக் கூடாதா? செய்தார்கள். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1986ல் ஒரு பொதுப் பிளக்கை வடிவமைத்தது. ஆனால் அதற்குள் கோடிக்கணக்கான சுவர்களில் பழைய சாக்கெட்டுகள் பதிந்துவிட்டன. அதை ஏற்றுக்கொண்ட நாடுகள் தென்னாப்பிரிக்கா, சிறு மாற்றங்களோடு பிரேசில் என்று விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். பிரிட்டனால் மாற முடிந்ததற்குக் காரணம், சுவர்களையே புதிதாகக் கட்ட வேண்டியிருந்ததுதான்!

இந்த வரலாறு தெரியாவிட்டால் நஷ்டம் நமக்குத்தான். அடாப்டர் பின்னின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்ட்டை மாற்றாது. 120 வோல்ட்டுக்கென்றே செய்த அமெரிக்க ஹேர் டிரையரை இங்கே செருகினால் ஏறக்குறைய நாலு மடங்கு சூடாகிக் கருகிவிடும். சார்ஜரில் '100-240 வோல்ட்' என்று போட்டிருந்தால் பயமில்லை. அதேபோல, மூன்று பின் இஸ்திரிப் பெட்டியை இரண்டு பின் அடாப்டரில் மாட்டினால் எர்த் இணைப்பு போய்விடும். பெட்டியில் மின்கசிவு இருந்தால் ஷாக் நம் கைக்குத்தான்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் முதல் புதிதாக விற்பனைக்கு வரும் செல்போன்களுக்கு யு.எஸ்.பி-சி சார்ஜிங் முனை கட்டாயம். சுவரில் முடியாமல் போன ஒற்றுமை கம்பியின் மறுமுனையிலாவது வந்துகொண்டிருக்கிறது. அதுவரைக்கும்... பெட்டியில் அடாப்டருக்கு இடம் விட்டு வையுங்கள்!