டெவில் மே க்ரை 2: பாதியில் கைமாறிய கேஸ்

இன்னைக்கு ஒரு வீடியோ கேம் பத்தின நீளமான த்ரெட். சுகர், பிரஷர் எதிர்பார்த்து வந்தவங்க மன்னிச்சுக்கோங்க, அது அடுத்த வாரம். கேம் ஆடாதவங்களும் தாராளமா படிக்கலாம். ஒருத்தர் ஆரம்பிச்சு குழப்பிவிட்ட வேலையை இன்னொருத்தர் கடைசி நேரத்துல வாங்கி முடிச்சு, பேரையும் கெடுத்துக்கிட்ட கதை இது.

முதல்ல கொஞ்சம் பின்னணி.

ஜப்பான்ல ஒசாகா நகரத்தைச் சேர்ந்த கம்பெனி கேப்காம். 1996-ல ஷின்ஜி மிகாமி இயக்கத்துல ரெசிடெண்ட் ஈவில் வந்து பெரிய ஹிட். 1998-ல வந்த ரெண்டாம் பாகத்தை இயக்கினவர் ஹிடேகி காமியா. அடுத்து அவர்கிட்டயே நாலாம் பாகத்தையும் கொடுத்தாங்க. அவர் டீம் ஸ்பெயினுக்கும் இங்கிலாந்துக்கும் போய் பழைய கோட்டைகளையும் கோதிக் பாணி கட்டடங்களையும் போட்டோ எடுத்துட்டு வந்தது. ஆனா அவர் செஞ்சுக்கிட்டு இருந்தது பேய்க்குப் பயந்து ஓடுற கேமே இல்லை. பேயை வானத்துல தூக்கிப் போட்டு அடிக்கிற கேம்! "இது ரெசிடெண்ட் ஈவில் மாதிரியே இல்லையே" என்று தோன்றியதும் மிகாமி அதை நிறுத்தச் சொல்லல. தனி கேமாவே வரட்டும்னு விட்டுட்டார். அப்படிப் பிறந்ததுதான் 2001 ஆகஸ்ட்டில் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த டெவில் மே க்ரை.

அந்த வானத்துல தூக்கிப் போடுற விஷயத்துக்கும் ஒரு குட்டிக் கதை இருக்கு. கேப்காமோட ஒனிமுஷா கேமைத் தயாரிக்கும்போது ஒரு பிழை வந்தது. எதிரியை வாளால வெட்டிக்கிட்டே இருந்தா அவன் கீழ விழாம காத்துலயே நிப்பான். மத்தவங்க அதைத் திருத்த வேண்டிய தப்பா பார்த்தாங்க. காமியா அதை எடுத்து தன் கேமோட இதயமாவே வச்சுட்டார். வாளால மேல தூக்கு, கீழ விழறதுக்குள்ள ரெண்டு துப்பாக்கியாலயும் சுட்டு காத்துலயே நிறுத்து. அதுவும் அழகா செய்யணும். ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிச்சா திரையில 'டல்'னு மார்க் போடுவான். விதவிதமா அடிச்சா 'ஸ்டைலிஷ்' வரைக்கும் ஏறும்.

ஹீரோ பேர் டான்டே. இத்தாலியக் கவிஞர் டான்டே அலிகியேரி ஞாபகமா வச்ச பேர். அப்பா பேய், அம்மா மனுஷி. சிவப்புக் கோட்டு, வெள்ளை முடி, வாய் நிறைய நக்கல். நம்ம ஊர் மாஸ் ஹீரோவுக்கு வேண்டிய எல்லா லட்சணமும் உண்டு. விமர்சகர்கள் மார்க்கைத் திரட்டி சராசரி போடுற மெட்டாகிரிடிக் தளத்துல அந்த கேமுக்கு 100-க்கு 94.

அப்போ ரெண்டாம் பாகத்தை யார்கிட்ட கொடுத்திருக்கணும்? காமியாகிட்ட தானே? கொடுக்கல. கேப்காமுக்குள்ளயே வேற ஒரு டீம்கிட்ட போச்சு. தன்னை யாரும் கேட்கவே இல்லைன்னு காமியா பின்னாளில் வருத்தத்தோட சொல்லியிருக்கார்.

அந்த வேற டீம்ல ஒரு இயக்குநர் இருந்தார். அவர் பேரை கேப்காம் இதுவரை வெளிய சொன்னதில்லை. வேலை தடம் புரண்டு, வெளியீட்டுத் தேதி கழுத்தை நெரிக்க ஆரம்பிச்சதும் அவரை மாத்திட்டாங்க. கடைசி சில மாதங்களுக்குன்னு உள்ள வந்தவர் ஹிடேயாகி இட்சுனோ. ரைவல் ஸ்கூல்ஸ், பவர் ஸ்டோன், கேப்காம் வெர்சஸ் எஸ்என்கே 2 மாதிரி சண்டை கேம்கள் செஞ்சவர். கையில கிடைச்சதை வச்சு எப்படியாவது தேதிக்குள்ள ஒரு கேமா ஆக்கி வெளிய அனுப்பணும், அவ்வளவுதான் உத்தரவு.

அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிற யாருக்கும் இந்த இடம் புரியும். நைட் டூட்டி மாறும்போது ஒரு கேஸ் கைக்கு வரும். ரெண்டு நாளா யார் யாரோ பார்த்திருப்பாங்க, என்னென்னவோ கொடுத்திருப்பாங்க. விடியறதுக்குள்ள ஏதாவது ஆச்சுன்னா கேஸ் ஷீட்ல கடைசிக் கையெழுத்து யாருதோ, அவரைத்தான் உறவுக்காரங்க தேடுவாங்க. முதல் நாள் என்ன நடந்ததுன்னு திருப்பிப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது.

கேம் 2003 ஜனவரியில் வந்தது. ஒரு டிஸ்க்கில் டான்டே கதை, இன்னொரு டிஸ்க்கில் லூசியாங்கிற புது நாயகியோட கதை. ரெண்டு டிஸ்க்குன்னதும் ரசிகர்களுக்குத் தலைகால் புரியல. டிஸ்க்கை உள்ள போட்டதும் அந்தக் குஷி இறங்கிடுச்சு.

என்ன கோளாறு? நான் சொல்றது என் பார்வை, மாற்றுக் கருத்து இருந்தா கமென்ட்ல சொல்லுங்க.

பெரிய கோளாறு துப்பாக்கி. முதல் பாகத்துல துப்பாக்கி வாளுக்குத் துணை. ரெண்டாம் பாகத்துல துப்பாக்கியே போதும். தூரமா நின்னுக்கிட்டு ஒரே பட்டனை அழுத்திக்கிட்டே இருந்தா பெரிய பெரிய எதிரியும் செத்துடுவான். பேய் புகுந்த ஒரு ஹெலிகாப்டர் வரும். கேட்க எவ்வளவு நல்லா இருக்கு? ஆனா ஆடும்போது செய்யறதெல்லாம் பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு அது விழற வரைக்கும் காத்திருக்கிறதுதான். விதவிதமா அடின்னு சொல்லிக்கொடுத்த கேம், இப்போ விதவிதமா அடிக்கத் தேவையே இல்லாம ஆக்கிடுச்சு. போதாக்குறைக்கு வாள்கள் பேர் மட்டும்தான் வேற வேற, கையில எடுத்தா எல்லாம் ஏறக்குறைய ஒண்ணு. முதல் பாகத்துல வாளை வச்சுட்டு இஃப்ரித்ங்கிற நெருப்புக் கையுறையை மாட்டினா ஆட்டமே மாறும்.

இடமும் மாறிப் போச்சு. இருட்டான கோட்டை, நெருக்கமான அறை, கதவைத் திறந்தா என்ன இருக்குமோங்கிற படபடப்பு எல்லாம் போய், அகலமான வெறும் தெருக்களும் ஆபீஸ் கட்டடங்களும் வந்தன. இடம் பெருசு, ஆனா உள்ள ஒண்ணும் இல்லை.

எல்லாத்தையும் விட ரசிகர்களுக்கு வலிச்சது டான்டேவோட மௌனம். அந்த நக்கல் பேச்சு மொத்தமா காணாம போச்சு. எது கேட்டாலும் காசைச் சுண்டிப் போட்டு முடிவு பண்ணிட்டு நடந்துடுவான். கெத்தா இருக்கும்னு யோசிச்சிருப்பாங்க போல. பார்க்க, தூக்கம் கெட்டு டூட்டிக்கு வந்த ஹவுஸ் சர்ஜன் மாதிரி இருந்தான்.

மெட்டாகிரிடிக் மார்க் 94-ல இருந்து 68. ஒரே பாகத்துல!

ஆனா விற்பனை? ஏறக்குறைய 17 லட்சம் பிரதி. அவ்வளவு மோசமான கேம் எப்படி இவ்வளவு வித்தது? நாங்க இன்குபேஷன் பீரியட்னு ஒண்ணு சொல்லுவோம். கிருமி இன்னைக்கு உள்ள போகும், காய்ச்சல் ரெண்டு வாரம் கழிச்சு வரும். ரெண்டாம் பாகத்தை வாங்கினவங்க முதல் பாகத்து மேல இருந்த நம்பிக்கையில வாங்கினாங்க. காய்ச்சல் 2005-ல மூணாம் பாகத்துக்கு அடிச்சது. விமர்சகர்கள் கொண்டாடிய அந்த மூணாம் பாகத்தோட முதல் பதிப்பு சுமார் 13 லட்சம்தான் வித்தது.

அந்த மூணாம் பாகத்தை இயக்கினதும் இட்சுனோதான். ரெண்டாம் பாகம் இப்படி ஆனது அவருக்கு உறுத்திக்கிட்டே இருந்தது, இன்னொரு வாய்ப்பு வேணும்னு அவரே கேட்டு வாங்கினார். இந்தத் தடவை முதல் நாளிலிருந்து அவர் கையில. காலத்தைப் பின்னாடி நகர்த்தி, இளவயசு டான்டேவைக் கொண்டுவந்தார். வாய் ஓயாத, பீட்சா தின்னுற, ஆட்டம் போடுற டான்டே. எதிரில இரட்டைச் சகோதரன் வெர்ஜில். சண்டைக்கு நாலு பாணி, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத ஆயுதங்கள், அடிக்கும்போதே மாத்திக்கலாம். ஹாஸ்டல்ல நான் முதல்ல ஆடினது இந்த மூணுதான். அதுக்கப்புறம் ரெண்டை ஆடினா எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. மூணிலும் ஒரு கிறுக்குத்தனம் பண்ணினாங்க. ஜப்பான்ல 'ஹார்ட்'னு இருந்த அளவை அமெரிக்கப் பதிப்புல 'நார்மல்'னு பேர் மாத்தி விட்டாங்க. அங்க ஆடினவங்க கன்ட்ரோலரை உடைக்காத குறை. 2006 சிறப்புப் பதிப்புலதான் அதைச் சரி பண்ணினாங்க. இருந்தாலும் மெட்டாகிரிடிக் 84.

நியாயமா ஒண்ணு சொல்லணும். ரெண்டாம் பாகத்தைக் குப்பைன்னு மொத்தமா தூக்கிப் போட முடியாது. சண்டை நடுவுலயே துப்பாக்கியை மாத்துறதும், சுவர் மேல ஓடுறதும் அதுல இருந்தது. டான்டேன்னதும் இன்னைக்கு எல்லாருக்கும் ஞாபகம் வர்ற ரெபெல்லியன் வாள் முதல்ல வந்தது அதுலதான். மாடி மாடியா எதிரிகளோட மோதுற 'பிளடி பேலஸ்'ங்கிற பகுதி பிறந்ததும் அங்கதான்.

இட்சுனோ 2008-ல நாலாம் பாகம், 2019-ல அஞ்சாம் பாகம் ரெண்டையும் இயக்கினார். 2024 ஆகஸ்ட்டில், முப்பது வருஷத்துக்கு மேல வேலை பார்த்த கேப்காமை விட்டு விலகினார். அஞ்சாம் பாகம் வந்த அடுத்த மாசமே ரசிகர்கள் கேட்டுக்கிட்டு இருந்த ஒரு பகுதியை இலவசமா சேர்த்துக் கொடுத்தாங்க. அது பிளடி பேலஸ்.

ரெண்டாம் பாகத்தோட கடைசியில ஓடுற பெயர்ப் பட்டியல்ல இயக்குநர்னு இருக்கிறது இன்னைக்கும் ஒரே பேர்தான்.