ஏட்டில் ஏறாத அடி
(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிம்பாங் பூலாயிலும் சுற்றியுள்ள பழைய ரப்பர் தோட்டப் பகுதிகளிலும் உறுமி கட்டும் பிள்ளைகளிடம், "நீ வாசிக்கும் அடியை எழுதிக் காட்டு, தம்பி" என்று கேட்டுப் பாருங்கள். வாயால் சொல்வார்கள், கையால் தட்டிக் காட்டுவார்கள். எழுதத் தெரியாது. அது அவர்கள் குற்றமல்ல.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, தண்ணுமை ஆசிரியனுக்கு வேண்டிய தகுதிகளை அடுக்கிச் சொல்கிறது. ஆனால் அவன் வாசித்த அடி அதில் இல்லை. புதுக்கோட்டைக்கு அருகே குடுமியான்மலையில் சுரங்களைக் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். அது 7ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு என்பர். சுரத்துக்குக் கல் கிடைத்தது. தோல் கருவிக்கோ குருவின் வாய்தான் ஏடு.

அந்த வாய்ப்பாடத்துக்குச் சொற்கட்டு என்று பெயர். தகிட என்றால் 3, தகதிமி 4, தகதகிட 5, தகிடதகதிமி 7, தகதிமிதகதகிட 9. இன்று மிருதங்க மாணவர் இதைத் தாளில் எழுதுகிறார். காற்புள்ளி ஓர் எழுத்தளவு இடைவெளி, அரைப்புள்ளி இரண்டு. மேலே ஒரு கோடு இழுத்தால் வேகம் இரட்டிப்பாகும், இரண்டு கோடு இழுத்தால் நான்கு மடங்கு. ஆதி தாளத்துக்கு 4+2+2 என 8 அட்சரம். அட்சரத்துக்கு 4 எழுத்து வைத்தால் ஓர் ஆவர்த்தனத்துக்கு 32 எழுத்து. கணக்கு தவறினால் தாளே காட்டிக் கொடுத்துவிடும்.

ஐரோப்பாவில் 1589இலேயே ஆர்போ என்பவரின் நடன நூலில் படைநடைக்கான முரசடிகள் அச்சேறின. இன்றைய டிரம் செட் இசைத்தாளில் ஐந்து கோடுகள் உண்டு. பெரிய டிரம் கீழே, ஸ்நேர் நடுவே, சிம்பல் மேலே பெருக்கல் குறியாக வரும். பேண்டு வாத்தியக் குழுவில் சேரும் நம் பிள்ளை அதைப் படித்துவிடுகிறான். தாத்தாவின் தப்படியைப் படிக்க அவனுக்கு வழியில்லை.

மிருதங்கம் தப்பித்துக்கொண்டது. 1963இல் தி. ரங்கநாதன் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்கும், 1971இல் திருச்சி சங்கரன் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்துக்கும் கற்பிக்கச் சென்றார்கள். பாடங்கள் நூலாயின. தப்புக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. சாதியின் பெயரால் வாசித்தவரையும் கருவியையும் சேர்த்தே ஒதுக்கினோம். பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இலங்கை மலையகத் தோட்டங்களில் பெரட்டுக்கு ஒரு தப்படி, சாவுக்கு வேறொன்று. காதில் விழுந்ததுமே சேதி புரிந்துவிடும். நம் தோட்டங்களிலும் திருவிழா என்றால் மேளம் இல்லாமல் இராது. தோட்டங்கள் கலைந்தபோது தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றினோம். அடிகளோ வாசித்தவர் நினைவில் மட்டும் தங்கின. அவருக்குப் பின்?

"கைப்பேசியில் பதிவு செய்தால் போதாதா?" என்பீர்கள். பதிவு அவசியம்தான். ஆனால் எந்தக் கை, எந்தக் குச்சி, எத்தனையாவது அட்சரம் என்பதை அது பிரித்துச் சொல்லாது. "தாளைப் பார்த்தால் மேளம் வருமா?" என்று ஆசான்மார் கேட்பதும் நியாயமே. நாதத்தைக் குருதான் தர முடியும். அடியின் எலும்புக்கூட்டையாவது தாள் காக்கும்.

வழி எளிது. கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம் போதும். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. தப்புக்கு இரண்டு வரிசை: மேலே அடிக்குச்சி, கீழே சிண்டுக்குச்சி. உறுமியின் ஒரு முகம் அடிபடுவதில்லை, வளைந்த குச்சியால் தேய்க்கப்படுகிறது. ஆகவே ஒலி நீளும் கட்டங்கள் வரை அலைக்கோடு போடலாம். பக்கத்தின் தலையில் சொல்லிக் கொடுத்தவர் பெயரையும் அவர் வாழ்ந்த தோட்டத்தின் பெயரையும் எழுதுங்கள்.

ஈப்போ கல்லுமலைத் தைப்பூசத்துக்கு மேளம் கட்டும் முன், ஒவ்வொரு குழுவும் ஒரு பெரியவரிடம் உட்கார்ந்து ஓர் அடியை எழுதட்டும். தோட்டம் போனது போனதுதான். அதன் ஓசையாவது நம் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும்.