மும்பை - சென்னை: 1,030 கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

மும்பை விமான நிலையத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் வான்வழியே நேர்கோட்டில் சுமார் 1,030 கி.மீ. இந்தத் தூரம் மாறப்போவதில்லை. ஆனால் இதைக் கடக்கும் நேரத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. நம்மைப் போல ஊரை விட்டு வந்தவர்களுக்கு அது வெறும் கணக்கு இல்லை.

1932 அக்டோபர் 15. கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு கிளம்பிய ஜே.ஆர்.டி. டாடா, அகமதாபாத்தில் பெட்ரோல் போட்டுக்கொண்டு (பெட்ரோல் டின்கள் வந்தது மாட்டுவண்டியில்!) மதியம் பம்பாய் ஜுஹுவில் இறங்கினார். அங்கிருந்து மெட்ராஸுக்குத் தபாலைக் கொண்டுபோனவர் நெவில் வின்சென்ட். போட்டோவில் எல்லாம் டாடாதான் இருப்பார். நம்மூருக்குப் பறந்தவரை யாரும் நினைப்பதில்லை. பஸ் மோத் என்ற அந்தச் சின்ன விமானத்தின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 160 கி.மீ. இரவில் பறக்க வழியில்லை. பெல்லாரியில் இறங்கித் தங்கி, மறுநாள்தான் மெட்ராஸ்.

1949 ஜனவரியில் இரவு விமானத் தபால் வந்தது. பம்பாய், டெல்லி, கல்கத்தா, மெட்ராஸ் நான்கிலிருந்தும் விமானங்கள் கிளம்பி நடுராத்திரி நாக்பூரில் கூடும். மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் திரும்பிவிடும். நாக்பூர் சுற்று என்பதால் 1,030 கி.மீ. பயணம் கிட்டத்தட்ட 1,600 ஆனது. ஆனாலும் சாயங்காலம் போட்ட கடிதம் மறுநாள் காலை ஊர் சேர்ந்தது. வெளியூர் செக்குகளும் டிராஃப்ட்களும் தபாலில் அலைந்த காலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் தொழிலில் இருந்தவர்களுக்குப் புரியும்.

1964-ல் இந்தியன் ஏர்லைன்ஸுக்குக் காரவெல் ஜெட் வந்தது, 1976-ல் ஏர்பஸ். டகோட்டாவில் நான்கு மணி நேரத்துக்குக் குறையாத தூரம் இரண்டு மணிக்குள் அடங்கியது. சரி, அதில் ஏறியது யார்? மாட்டுங்காவில் குடியிருந்த குமாஸ்தாவும் தாராவித் தொழிலாளியும் அல்ல. அப்பா தவறிவிட்டார் என்று தந்தி வந்தால் அவர்களுக்கு ரயில்தான், ஒரு நாளுக்கு மேல் பயணம். போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். முகம் பார்க்காமல் காரியம் மட்டும் செய்த பிள்ளைகள் அந்தத் தலைமுறையில் ஏராளம். 1994-ல் அரசின் ஏகபோகம் சட்டப்படி முடிந்து, 2003-ல் ஏர் டெக்கான் வந்த பிறகுதான் நம்மவர்கள் விமானத்தைக் கணக்கில் சேர்க்கவே ஆரம்பித்தார்கள்.

வேகம் அதற்கப்புறம் கூடவில்லை. ஆகாயத்தில் ஒன்றரை மணி நேரம்தான். டைம்டேபிளில் இரண்டு மணி நேரம் போடுகிறார்கள். மும்பையின் இரண்டு ஓடுதளங்களும் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதால் ஒரே நேரத்தில் இரண்டையும் பயன்படுத்த முடியாது. வரிசையில் நிற்கும் நேரமும் அந்த இரண்டு மணிக்குள் அடக்கம்.

அதோடு, மீனம்பாக்கம் எல்லோருக்கும் ஊர் இல்லையே! திருநெல்வேலிக்கு அங்கிருந்து இன்னும் 600 கி.மீ.க்கு மேல். அதனால் நெல்லைக்காரர்கள் மதுரை, தூத்துக்குடி என்று தேடுவார்கள். நாகர்கோவில்காரர்கள் நேரே திருவனந்தபுரம். ஊரிலிருந்து போனில் கேட்பது ஒரே கேள்வி: "எத்தனை மணிக்கு எடுக்கலாம்?" டிக்கெட்டில் இருக்கும் நேரத்தை வைத்துப் பதில் சொல்லாதீர்கள். வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை பத்து மணி நேரமாவது வைத்துச் சொல்லுங்கள்.