லொக் புக்: கப்பலில் இருந்து லொறிக்கு வந்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு. லொறி ஓட்டும் வாப்பாமார், நானாமார் உள்ள வீடுகளில் வாசித்துக் காட்டுங்கள்.

'லொக் புக்' என்ற பெயர் கடலில் இருந்து வந்தது. லொக் என்றால் மரக்கட்டை. பாய்க்கப்பல் காலத்தில் முடிச்சுப் போட்ட கயிற்றில் ஒரு கட்டையைக் கட்டிக் கப்பலுக்குப் பின்னால் வீசுவார்கள். 28 செக்கன் மணல் கடிகாரம் ஓடி முடிவதற்குள் எத்தனை முடிச்சு கையை விட்டுப் போகிறதோ அதுதான் வேகம். கப்பல் வேகத்தை இன்றும் 'நொட்', அதாவது முடிச்சு என்று சொல்வது அதனால்தான். அந்தக் கணக்கை எழுதிய கொப்பிக்குக் கட்டையின் பெயரே நிலைத்துவிட்டது. 1957இல் பிரித்தானியக் கடற்படை நமது துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போகும்வரை, இங்கே நங்கூரமிட்ட அவர்களுடைய போர்க்கப்பல்களிலும் இந்தப் புத்தகம்தான் இருந்தது.

கப்பலில் ஒரு காவல் பொதுவாக நான்கு மணித்தியாலம். அது முடிந்தால் அடுத்தவர் பொறுப்பெடுப்பார், முதல் ஆள் தூங்கப் போவார். லொறியில் ஓட்டுபவரும் எழுதுபவரும் ஒரே ஆள். அவருடைய ட்ரிப் காசும் அந்த எழுத்தில்தான் தொங்குகிறது. வில்லங்கம் தொடங்குவது இங்கேதான்.

பிரித்தானியா 1930இல் சட்டம் போட்டது: ஒரே தொடராக ஐந்தரை மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, 24 மணித்தியாலத்தில் 11க்கு மேல் கூடாது. மணித்தியாலத்தை எழுதிவைக்காமல் எப்படிப் பிடிப்பது? 1933இல் பதிவேடும் கட்டாயமானது. அமெரிக்காவிலும் அதே பத்தாண்டில் சாரதி லொக் வந்தது. அங்கே சாரதிகள் அதற்கு வைத்த பட்டப்பெயர் 'கொமிக் புக்'. உள்ளே இருப்பது அவ்வளவும் கற்பனை என்று அர்த்தம்! பொலிஸுக்கு ஒன்று, முதலாளிக்கு ஒன்று என்று இரண்டு புத்தகம் வைத்திருந்தவர்களும் உண்டு. 2017 டிசம்பரில் பெரும்பாலான லொறிகளுக்கு மின்னணுக் கருவி கட்டாயமானதற்கு இந்தப் பொய்க் கணக்கும் ஒரு காரணம்.

ஐரோப்பாவில் அதற்கு முன்பே டகோகிராஃப் வந்துவிட்டது. வேகத்தையும் நேரத்தையும் வட்டக் காகிதத்தில் தானே கீறும் கருவி. பிரித்தானியச் சாரதிகள் அதை 'கெபினுக்குள் உளவாளி' என்று எதிர்த்தார்கள், அரசும் இழுத்தடித்தது. 1979இல் ஐரோப்பிய நீதிமன்றம் பிரித்தானியாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் வழிக்கு வந்தது. சாரதிகளின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் "விடிய முதல் கொழும்பில் நிற்க வேண்டும்" என்று சொல்லும் முதலாளிக்கு எதிராக அதே காகித வட்டம் சாட்சி சொல்லும் என்பதையும் பார்க்க வேண்டும்.

கடனை எழுதிவைக்கச் சொல்லும் வசனம்தான் அல்குர்ஆனிலேயே மிக நீளமானது (2:282). எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தீங்கு செய்யக் கூடாது என்றும் அதே வசனம் சொல்கிறது. "தூக்கம் வந்தது, ஹபரணையில் இரண்டு மணித்தியாலம் நிறுத்தினேன்" என்று உண்மையை எழுதும் சாரதிக்கு அடுத்த ட்ரிப் கிடைக்காமல் போனால், அந்தக் கொப்பியில் பிறகு யார் உண்மை எழுதுவார்?

நம் நாட்டில் அரச வாகனங்களுக்கு 'ரன்னிங் சாட்' இருக்கிறது. நிதிப் பிரமாணம் 1646இன்படி அது அடுத்த மாதம் 15ஆம் திகதிக்கு முன் கணக்காய்வாளர் நாயகத்துக்குப் போக வேண்டும். 2016ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை 12 மாதத்துக்கு ஒருமுறை அல்லது 25,000 கிலோமீற்றர் ஓடியதும் எரிபொருள் பரிசோதனை கேட்கிறது. டீசல் களவு போகாமல் பார்க்க நல்ல ஏற்பாடுதான். சாரதி எத்தனை மணித்தியாலம் தூங்கினார் என்று கேட்க அது உருவானதல்ல.

சீனக்குடாவில் பிறிமா மா ஆலை இயங்கத் தொடங்கியது 1980இல். பிறகு சீமெந்தும் சேர்ந்தது. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக இரவிரவாகக் கொழும்புக்கு ஓடியவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர்! யானை குறுக்கே நிற்கும் வீதி அது. என் வகுப்பிலும் வாப்பா எப்போது வருவார் என்று தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள்.

2006 முதல் ஐரோப்பாவில் புது லொறிகளுக்கு டிஜிட்டல் டகோகிராஃப். சாரதியின் பெயரில் ஒரு கார்ட். லொறி மாறினாலும், முதலாளி மாறினாலும், ஓட்டிய நேரமும் ஓய்வெடுத்த நேரமும் அவரோடேயே போகும். இங்கே அந்த வேலையை ஒரு 80 பக்கக் கொப்பி செய்யும்: புறப்பட்ட நேரம், மீற்றர், நிறுத்திய இடம், தூங்கிய நேரம். முதலாளியின் புத்தகம் வேறு, இது உங்களுடையது.

80களில் சீனக்குடாவில் மா ஏற்றிய காக்காமார் யாரிடமாவது பழைய ட்ரிப் கொப்பி பெட்டிக்குள் கிடந்தால் ஒரு தகவல் தாருங்கள். வந்து பார்த்து, படம் எடுத்துக்கொண்டு அப்படியே திருப்பித் தந்துவிடுகிறேன்.