அனுபவவாதம்

உலகைப் பற்றிய அறிவுக்குப் புலன்வழி அனுபவமே ஊற்று எனக் கொள்ளும் மெய்யியல் நிலைப்பாடு அனுபவவாதம் எனப்படும். பிறவியிலேயே மனத்தில் கருத்துகள் பதிந்துள்ளன என்பதை இது மறுக்கும். ஐரோப்பாவில் ஜான் லாக் (1690), பார்க்லி (1710), டேவிட் ஹியூம் (1739–40) ஆகியோரின் நூல்கள் இதை வளர்த்தன.

தமிழில் இந்த வழக்கு அவர்களுக்கு நெடுங்காலம் முற்பட்டது. மணிமேகலையின் 27ஆம் காதையில் வரும் பூதவாதி, கண்கூடாகக் கண்டதே அறிவு, கருதலளவை (அனுமானம்) செல்லாது என்கிறான். உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எவ்வாறு அறிந்தாய் என்று மணிமேகலை மடக்குகிறாள். அனுபவவாதத்துக்கு எதிராக எழுந்த கேள்விகளில் இதைவிடக் கூர்மையானது அரிது. காட்சியோடு கருதலையும் உரையையும் சேர்த்து மூன்று அளவைகளாகக் கொண்டது சைவ சித்தாந்தம்.

காட்சியும் கருதலும் எங்கே கைகோக்க வேண்டும் என்பதற்கு இலங்கையின் கொத்மலை உள்ளிட்ட மலையகமே சான்று. இன்று தேயிலை நிற்கும் இச்சரிவுகளில் 19ஆம் நூற்றாண்டில் கோப்பி விளைந்தது. 1869இல் இலங்கையில் கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் படிவது கண்டறியப்பட்டது. தோட்டத்தில் நடந்த எவர் கண்ணுக்கும் அது தெரிந்தது, காரணத்தில்தான் பிணக்கு. காலநிலை என்றனர் சிலர், மண் என்றனர் வேறு சிலர். 1880இல் வந்த தாவரவியலாளர் ஹாரி மார்ஷல் வார்ட், இரண்டு ஆண்டுகள் தங்கி, பூஞ்சண வித்து இலையில் முளைத்து உள்ளே புகுவதை நுணுக்குக்காட்டியில் தொடர்ந்து பார்த்தார். காற்றில் மிதக்கும் வித்துகளைக் கண்ணாடித் தகடுகளில் பிடித்தார். இடைவெளியின்றி ஒரே பயிரை மலை முழுதும் நட்டதே நோய் பரவ வழிவிட்டது என்றும் சுட்டினார். தோட்டக்காரர் கண்டதும் அவர் கண்டதும் ஒரே தூள்தான். ஆனால் அவர் கருதியதைச் சோதனைக்கு உட்படுத்தினார். கோப்பியை அது காப்பாற்றவில்லை. தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது.

தேயிலைத் தொழிலும் புலன்களை நம்பியே நடக்கிறது. வாட்டி அரைத்த கொழுந்தின் பச்சை வாடை மாறி, செம்பு நிறம் ஏறும்போது, அடுப்புக்கு அனுப்பும் நேரத்தை டீமேக்கர் மூக்காலும் கண்ணாலும் தீர்மானிக்கிறார். சுவைஞரின் நாக்குக்கும் பொது ஒழுங்கு உண்டு: 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிட ஊறல் என்று ஐ.எஸ்.ஓ. 3103 தரம் வகுத்திருக்கிறது. ஒருவரின் சுவையை இன்னொருவர் சரிபார்க்க இதுவே வழி. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம், கொத்மலை ஓயாவின் மேற்புறத்தில், தலவாக்கலையில் இயங்குகிறது.

அதே நீர் மகாவலியில் கலந்து செல்லும் பேராதனையில் மெய்யியல் கற்பித்த கே. என். ஜயதிலக்க, 1963இல் வெளியிட்ட ஆய்வில், ஆதி பௌத்தத்தின் அறிவுக் கோட்பாட்டை அனுபவவாதத்தின் ஒரு வடிவமாக விளக்கினார்.

அனுபவமே அறிவு என்றால், யாருடைய அனுபவம் என்ற கேள்வியும் உடன் வரும். எந்தச் செடிக்கு எப்போது கவ்வாத்து வேண்டும், எந்த மலையில் கொழுந்து முந்தும் என்பதைத் தலைமுறைகளாகக் கையால் அறிந்தவர்கள் தோட்டத் தொழிலாளர். வார்ட்டின் அவதானங்கள் அறிக்கையாயின. இவர்களுடையவை பெரும்பாலும் வாய்வழியே நிற்கின்றன. அவற்றையும் கேட்டு எழுதிச் சோதிப்பது மலையக ஆய்வாளர்களின் கடமை.